பின்பாரம்

புது வண்டி வந்துவிட்டதாக செல்வராசு போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்த ஓட்டுநர். நான்கு சக்கரமும் இழுக்குமாம். ஒரு குமிழைத் திருப்பினால் போதுமாம்.

"மாமா, பிச்சாவரம் பக்கம் மணல்ல எறக்குனேன். சும்மா வழுக்கிக்கினு போவுது. நீங்க மூட்ட மூட்டயா தூக்கிப் போட்டீங்களே, எல்லாம் வேஸ்ட்டு" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஓட்டுநர்களின் வாட்ஸப் குழுவில் அவர் அதைப் போட, "மூட்டைக் கலியமூர்த்தி அண்ணன் அந்தக் காலத்தில் ரெண்டு சக்கரம் இழுக்கிற ஜீப்பை எப்படி ஓட்டினார், எழுதச் சொல்லுங்கள்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். மூட்டைக் கலியமூர்த்தி என்பது எனக்கு அவர்கள் வைத்த பட்டம். சிலர் கும்பிடும் கை படம் போட்டிருந்தார்கள். எனக்கு முதுகில் இரண்டு எலும்பு தேய்ந்திருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். இருந்தாலும் எழுதுகிறேன். அவர்கள் எதிர்பார்க்கிற கதையாக இது இருக்காது.

என் ஆரம்பக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடலூரில் லாரி கிளீனர், அப்புறம் லாரி ஓட்டுநர், அப்புறம் பரங்கிப்பேட்டை பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜீப் ஓட்டுநர். முதலில் தற்காலிகம். அந்தச் சொல்லோடு ஏழு வருஷம் குடும்பம் நடத்தினேன்.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடலோரம் முழுக்க மணல். அதைத் தாண்டி ஒரு மைல் உள்ளே வந்தால் வயல், கறுப்புக் களி. காய்ந்தால் பாறை, நனைந்தால் சோப்பு. மணலில் வண்டி புதையும், களியில் வழுக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எங்கள் ஜீப்புக்குப் பின்சக்கரம் இரண்டு மட்டும்தான் இழுக்கும். முன்சக்கரம் சும்மா உருண்டு வரும், திருப்பினால் திரும்பும், அவ்வளவுதான். நான்கும் இழுக்கிற வண்டி கேட்டு மேலே எழுதிப்போட்டோம். வரவில்லை. இருக்கிறதைத்தான் தேற்ற வேண்டியிருந்தது.

மணலுக்கு முதல் வேலை காற்றை இறக்குவது. தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, தீக்குச்சியால் வால்வை அழுத்திக்கொண்டு முப்பது வரை எண்ணுவேன். டயர் வயிறு சரிந்து மணல்மேல் அகலமாக உட்காரும். ரொம்ப இறக்கினால் டயர் ரிம்மில் சுற்றி, டியூப் வால்வைப் பிய்த்துவிடும். அது ஒரு முறை நடந்தது, அப்புறம் நடக்கவிடவில்லை. திரும்பி வந்து தார் ரோடு ஏறியதும் கால் பம்ப்பில் நாலு டயருக்கும் காற்று. இன்றைக்கு என் முழங்கால் போடுகிற சத்தத்தில் பாதி அந்தப் பம்ப் கொடுத்தது.

இரண்டாவது பாரம். இழுக்கிற சக்கரத்தின்மேல் கனம் இருந்தால்தான் அது மண்ணைப் பிடிக்கும். உரச் சாக்கில் மணல் அடைத்து, மேலே இன்னொரு சாக்கு போட்டுக் கட்டி, பின் அச்சுக்கு நேர் மேலே நாலு மூட்டை வைத்திருப்பேன். ஆள் ஏறினால் மூட்டையைத் தூக்கி எறிந்துவிடுவேன். எங்கள் பக்கத்துக் குப்பங்களில் ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே ஜீப்பில் ஏறும். மற்ற ஓட்டுநர்கள் அவர்களை விரட்டுவார்கள். நான் "வா, வா, பின்னாடி ஒக்காரு" என்பேன். எனக்கு அவர்கள் பாரம். ஆனால் அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டி லேசாகத் திணறினால் போதும், டாக்டர் வண்டி ஆயிற்றே என்ற மரியாதையில் எல்லோரும் தொப்பென்று குதித்துத் தோள் கொடுப்பார்கள். குதித்தால் பாரம் போயிற்று, சக்கரம் காற்றில் சுற்றும். "எறங்காதீங்கப்பா, ஒக்காந்திருந்தா அதுவே ஒதவி" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டியது.

களிக்கு வேறு. தேங்காய்நார்க் கயிற்றைப் பின் டயரில் ரிம் ஓட்டை வழியாக ஏழெட்டுச் சுற்று சுற்றிக் கட்டுவேன், சங்கிலி மாதிரி பிடிக்கும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றினால் ஹேண்ட்பிரேக்கை இரண்டு பல் இழுத்துவிட்டால் அடுத்த சக்கரத்துக்கும் இழுவை போகும். எல்லாவற்றையும் விட முக்கியம், களியில் பின்னால் ஏற்றிய பாரத்தில் கொஞ்சத்தை முன்னால் கொண்டுவர வேண்டும். இரண்டு ஆள் முன்சீட்டில். இல்லையென்றால் முன்சக்கரம் தரையைத் தொடும், ஆனால் பிடிக்காது. ஸ்டியரிங் நம் கையில் இருக்கும், வண்டி அதன் வழியில் போகும்.

இதெல்லாம் நான் தனியாகக் கண்டுபிடித்தது என்று குழுவில் நினைக்கிறார்கள். பாதி டாக்டர் ஸ்டெல்லாவுடையது. எங்கள் நிலையத்தில் ஒன்பது வருஷம் மருத்துவ அலுவலராக இருந்தவர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி. யாரையும் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார், பெருக்குகிற அம்மாவைக்கூட. "சீக்கிரம்" என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வாய்க்கால் கரை வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லி, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குடைக் காம்பால் குத்திப் பார்த்தபடி முன்னால் நடப்பார். குடை எவ்வளவு இறங்குகிறது என்று கையால் அளந்து காட்டுவார். நான் பின்னாலேயே ஊர்ந்து வருவேன். ஊர் திரும்பியதும் லாக் புக்கை வாங்கி, எங்கே புதைந்தது, எத்தனை பேர் இருந்தார்கள், எது செய்ததும் ஏறியது என்று பொடி எழுத்தில் எழுதுவார்.

"எதுக்குமா இதெல்லாம்? ஆடிட்டுல கேக்க மாட்டாங்களே" என்றேன் ஒரு தடவை.

"அடுத்த தடவை நாம கேட்டுக்குவோம், கலியமூர்த்தி" என்றார்.

எனக்கு எழுத்தைவிட இரும்பில் நம்பிக்கை. லால்பேட்டையில் ஒரு பாய் வெல்டிங் கடை வைத்திருந்தார். அவரிடம் போய், ஜீப்பின் பின்னால் இரண்டு பேர் நிற்கிற மாதிரி ஒரு இரும்புப் படி வைக்கச் சொன்னேன். மணலில் இன்னும் இரண்டு ஆள் பாரம் கிடைக்குமே என்று கணக்கு.

பாய் ஜீப்பைச் சுற்றி வந்தார். "அச்சுக்கு மேல பாரம் வேற, அச்சுக்குப் பின்னாடி தொங்குற பாரம் வேற மச்சான். பின்னாடி ஜாஸ்தி தொங்குனா முன்னாடி தூக்கிரும்."

"மணலுக்கு மட்டுந்தான் பாய். களியில யாரையும் நிக்க வைக்க மாட்டேன்."

"நீ வைக்க மாட்டே. அவசரம் வைக்கும்" என்றார். ஆனால் வெல்டிங் செய்து கொடுத்தார். நல்ல வேலை. அந்தப் படியால் எட்டு மாதம் ஒரு முறைகூட மணலில் புதையவில்லை. பக்கத்து நிலையங்களிலிருந்து ஓட்டுநர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

அது ஒரு புதன்கிழமை. தடுப்பூசி நாள். பிச்சாவரத்துக்குத் தெற்கே உப்பங்கழியை ஒட்டிய ஒரு குப்பத்துக்குப் போயிருந்தோம். முந்தின நாள் மழை. காலை பதினொரு மணி இருக்கும், தங்கராசு என்பவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வேலிமுள் வெட்டும்போது கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. அப்போது 108 எல்லாம் கிடையாது. சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால்தான் உண்டு.

பின்னால் இரண்டு பெஞ்சுக்கும் நடுவே தங்கராசுவைப் படுக்க வைத்தோம். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் நாடியைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் மூன்று பேர். தங்கராசுவின் மனைவி செல்வியை முன்சீட்டில் ஏற்றினேன். தங்கராசுவின் தம்பி ஏழுமலைக்கு அப்போது இருபத்தாறு வயது, நல்ல கட்டான உடம்பு. அவரையும் இன்னொருவரையும் பின்படியில் நிற்கச் சொன்னேன். "நான் சொல்ற வரைக்கும் எறங்கக் கூடாது" என்றேன். தலையாட்டினார்.

மணல் தாண்டியது. அவ்வளவு நனைந்த மணலில் ரெண்டாவது கியரில் ஒரே மூச்சில் ஏறியது, இன்றைக்கு நினைத்தாலும் நல்ல ஓட்டு. மணல் முடிந்து வாய்க்கால் கரை ஆரம்பிக்கிற இடத்தில்தான் நான் எப்போதும் நிறுத்தி, ஆட்களை முன்னால் மாற்றுவேன். கரை அரைக் கிலோமீட்டர். முழுக்கக் களி.

"மாத்தி ஒக்கார வைக்க வேண்டாமா?" என்று பின்னாலிருந்து டாக்டரம்மா கேட்டார்.

"வாணாம்மா. நேரம் ஆவுது. போய்டலாம்."

அவர் மறுபடி நாடியைப் பிடித்துக்கொண்டார். தங்கராசு முனகிக்கொண்டிருந்தார். முன்னால் குடையோடு நடக்க அன்று யாரும் இல்லை. நான் நிறுத்தவில்லை.

கரையில் பாதி தூரத்தில் ஒரு மதகு, அங்கே வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை, நேராகப் போனது. பிரேக்கைத் தொட்டதும் பின்பக்கம் வயல் பக்கமாகச் சரிந்தது. எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது, வேகமெல்லாம் இல்லை. சரிய ஆரம்பித்த பிறகு, சரிகிறதே என்று ஏழுமலை குதித்துத் தோள் கொடுத்தார். அவர்கள் பழக்கம் அது. அவர் தோளைத் தள்ளிக்கொண்டு வண்டி போய் மதகுக் கல்லில் சாய்ந்தது. நான் ஆசை ஆசையாக வைத்த இரும்புப் படிக்கும் கல்லுக்கும் நடுவே அவருடைய வலது முழங்கால். படியில் நின்ற இன்னொருவர் மறுபக்கம் விழுந்து தப்பினார்.

வயலில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் வந்து இழுக்க இருபது நிமிஷம் ஆனது. அண்ணனையும் தம்பியையும் ஒரே ஜீப்பில் சிதம்பரம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கரை முடிகிற வரைக்கும் டாக்டரம்மா சொன்ன இடத்தில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். வண்டி ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை.

தங்கராசு பிழைத்தார். ஆனால் தாமதத்தாலோ விஷத்தாலோ சிறுநீரகம் கெட்டது, பழைய ஆளாக அவர் எழுந்திருக்கவே இல்லை. ஏழுமலையின் முழங்கால் அப்புறம் மடங்கவில்லை. ஆடுகிற படகில் நிற்க முடியாதவருக்குக் கடலில் என்ன வேலை? கரையில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்தினார்.

அன்று மாலை லாக் புக்கை எடுத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நின்றேன். என் வேலை நிரந்தரமாகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள். அரசாங்க வண்டியில் அனுமதியில்லாமல் படி வைத்தது தெரிந்தால் போதும், சீட்டுக் கிழிந்துவிடும்.

"என்ன எழுதட்டும்?" என்றார்.

"அந்தத் தம்பி ஓடுற வண்டியிலேர்ந்து குதிச்சாரும்மா. பாரம் மாறி வண்டி சரிஞ்சிடுச்சி."

பாதி உண்மை அது. அவர் குதித்தார். ஆனால் வண்டி சரிந்த பிறகு. முன்னே பின்னே ஒரு நொடிதான், வண்டியில் இருந்தவர்களுக்கே பிரித்துச் சொல்ல வராது. அந்த ஒரு நொடியை மாற்றி வைத்தேன்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. எழுதினார். நான் பிறகு எடுத்துப் படித்தேன். 'ஓட்டுநர் கூறியபடி' என்று ஆரம்பித்து நான் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். அதற்குக் கீழே அவருடைய கையெழுத்து. எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதினேன், முடிந்தது. மறுநாளே அந்தப் படியை வெட்டி எடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மணல் முடிகிற இடம் வரும்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் இறங்கி, அவரே ஆட்களை மாற்றி உட்கார வைப்பார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். மாற்றலாகிப் போகிற அன்று மட்டும், எல்லோரும் மாலை போட்டு முடித்த பிறகு, ஜீப்பில் ஏறும்போது சொன்னார்: "ஓட்டுநர் கூறியபடின்னு எழுதினேன் கலியமூர்த்தி. நீங்க வேற மாதிரி சொன்னா வேற மாதிரி எழுதியிருப்பேன்." ரயிலடியில் அவர் பெட்டியை இறக்கி வைத்தேன்.

விபத்து நடந்து அஞ்சாறு மாதத்தில் ஏழுமலை கட்டையை ஊன்றிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு பை. "அண்ணே, என்னால ஒங்களுக்கு மெமோ வந்துடுச்சாமே. நீங்க எறங்காதன்னு அவ்ளோ சொன்னீங்க. புத்தி கெட்டுப்போய்க் குதிச்சிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க" என்று பையைக் கொடுத்தார். உள்ளே இறால். நான் வாங்கிக்கொண்டேன். அன்று வீட்டில் இறால் தொக்கு. சாப்பிட்டேன்.

தங்கராசுவையும் அப்புறம் பல தடவை பார்த்தேன். ஒவ்வொரு முகாமிலும் வந்து நிற்பார், முகமெல்லாம் ஊதியிருக்கும். "அந்தப் பய மட்டும் குதிக்காம இருந்திருந்தா இருபது நிமிஷம் முன்னாடி போயிருப்பேன். என் கிட்னியத் தின்னதே அவன்தான்" என்பார். தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை, சொத்துப் பங்கும் பிரித்துவிட்டார்கள். நான் ஏதாவது காரணம் சொல்லி வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிடுவேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதவி உயர்வு, பெண் கல்யாணம், பென்ஷன் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது, நான் அந்த வார்த்தையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

குழுவில் கும்பிடு படங்களைப் பார்த்த மறுநாள் பஸ் ஏறினேன். இப்போது அந்தக் கரையில் தார் போட்டுவிட்டார்கள். ஷேர் ஆட்டோ குப்பம் வரை போகிறது. ஏழுமலை மீன் ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் காலை நீட்டி வலை பொத்திக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் தோளைப் பிடித்து உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சொன்னேன். வண்டி சரிந்த பிறகுதான் நீங்கள் குதித்தீர்கள், சரிந்ததற்குக் காரணம் நான், களியில் பின்பாரத்தை மாற்றாமல் ஓட்டினேன், டாக்டரம்மா கேட்டும் வேண்டாம் என்றேன், புத்தகத்தில் பொய் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

அவர் கையிலிருந்த ஊசி நின்றது.

"அண்ணன் போயி ரெண்டு வருசம் ஆவுது" என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"என்னெ அவுரு முகத்துல முழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. அண்ணி வாசல்ல நின்னுக்கிட்டு உள்ள வுடல. தெருமுனையில நின்னு பாத்தேன், தூக்கிட்டுப் போனாங்க." குரல் உயரவில்லை. "அவுரு இருக்கும்போது வந்து சொல்லியிருக்கலாமே நீங்க."

என்னை அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "வாங்க. அண்ணிகிட்ட வந்து சொல்லுங்க" என்றார். மடங்காத காலை வீசி வீசி முன்னால் நடந்தார். தெருவில் மூன்றாவது வீடு. வாசலுக்கு இரண்டடி முன்னாலேயே நின்றுவிட்டார். அங்கிருந்தபடி குரல் கொடுத்தார்.

செல்வி வெளியே வந்தார். மைத்துனரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார், அப்புறம் என்னைப் பார்த்து அடையாளம் தெரிந்து நின்றார். நான் நின்றபடியே முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினேன்.

அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "அப்ப இவுரு குதிச்சது?"

"நிறுத்தப் பாத்தாரும்மா. உங்க வீட்டுக்காரர் உள்ள கிடக்கிறாரேன்னு தோள் குடுத்தாரு."

செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு ஏழுமலையின் காலைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அதே தெருவில் நடந்த கால்தான், அன்றுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல அண்ணி."

"உள்ள வா. சோறு இருக்கு."

ஏழுமலை சுவரில் கை வைத்துச் செருப்பைக் கழற்றினார். அந்தக் காலால் படியேறுவது சிரமமாக இருந்தது. நான் பிடிக்கப் போனேன், அதற்குள் செல்வி இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் உள்ளே போனார்கள். கதவை யாரும் சாத்தவில்லை. தட்டு எடுத்து வைக்கிற சத்தம் கேட்டது.

என்னை உள்ளே வா என்று அவர்கள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்று தெரியாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஷேர் ஆட்டோ பிடிக்க நடந்தேன்.